ஆணி அடிக்காத மனிதர்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு 'நத்தை' என்று பெயர். வேலையில் மெதுவானவர் என்பதற்காக வைத்ததல்ல. அவரளவு வேகமாகப் பெட்டி கட்டுகிற ஆள் அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. கண்ணாடி டம்ளரிலிருந்து கரண்டி வரை ஒரு முழுச் சமையலறையை, வீட்டுக்காரர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அட்டைப்பெட்டிக்குள் அடக்கிவிடுவார். வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டே அலைகிற மனிதர் என்பதால் வந்த பெயர் அது. கல்யாணமான நாளிலிருந்து அவரும் அவர் மனைவியும் குடியிருந்த வீடுகளை எண்ணச் சொன்னால் கைவிரல் போதாமல் கால்விரலுக்குப் போக வேண்டியிருக்கும். இதில் அவருக்குப் பெருமை வேறு.

எந்த வீட்டுக்குப் போனாலும் மாத வாடகைதான். வருடக் கணக்கில் கெடு வைத்து ஒப்பந்தம் போடலாம் என்று யாராவது தாளை நீட்டினால், பாம்பைப் பார்த்தவர்போல நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொள்வார்.

"கால் நம்ம காலு. அதைக் கொண்டுபோய் எவன்கிட்டயும் அடகு வைக்கக் கூடாது" என்பார். "பிடிச்சா இருக்கோம், பிடிக்கலையா, ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டுக் கிளம்புறோம். இதைவிட என்ன சுகம் வேணும்?"

கம்பெனி லாரியை ஓட்டுகிறவர் இதற்கு நேர் எதிர். அவர் இரண்டு வருட ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்து ஒரே வீட்டில் இருப்பவர். "அண்ணே, போன வருஷம் எங்க தெருவுல எல்லா வீட்டுக்காரனும் வாடகையை ஏத்துனான். என் வீட்டுக்காரரும் வந்தாரு. தாளை எடுத்துக் காட்டினேன். வந்த வழியே போயிட்டாரு" என்பார். "நீங்க வீட்டுல குடியிருக்கீங்களா, இல்ல ஸ்டேஷன்ல வண்டிக்குக் காத்துட்டு இருக்கீங்களான்னு எனக்குத் தெரியல."

"உன் பக்கத்து வீட்டுக்காரன் ராத்திரி பூரா குறட்டை விட்டா என்னடா பண்ணுவே?"

"பஞ்சு வாங்கிக் காதுல வைப்பேன். வீடு மாத்துறதைவிடப் பஞ்சு சல்லிசுண்ணே."

இந்தச் சண்டைக்கு லாரிக்குள் தினமும் இடம் உண்டு. உடன் வேலை செய்யும் நெட்டையர் மட்டும் எந்தக் கட்சியும் சேராமல் தூங்கிவிடுவார்.

நத்தை இப்படி ஆனதற்குக் காரணம் அவர்களுடைய முதல் வீடு. கல்யாணமான புதிது. வீடு பார்க்கப் போனது ஒரு விடுமுறை நாள். காற்றும் வெளிச்சமும் வீட்டில் கொட்டிக் கிடந்தன. நீட்டிய தாளில் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில்தான் பின்சுவரை ஒட்டி ஒரு தகரப் பட்டறை இருப்பது தெரிந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தகரத்தைப் போட்டு அடித்தார்கள். புதுமணத் தம்பதி பேச வேண்டியதை எல்லாம் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். "காலி பண்ணிக்கிறோம்" என்று போய் நின்றதற்கு, "தாராளமா. மீதி மாசத்து வாடகையை எல்லாம் எண்ணி வெச்சுட்டுப் போங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார் வீட்டுக்காரர். கடைசி நாள் வரை இருந்து தீர்த்தார்கள்.

கிளம்பும்போது இன்னொன்றும் நடந்தது. மனைவியின் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த, மணியடிக்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது. அவரே வந்து கூடத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரர் அந்த ஆணி ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, சுவரே போய்விட்டது என்று ஒரு பாட்டம் அழுது, அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. அதற்குப் பிறகு நத்தை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, எந்தச் சுவரிலும் ஆணி அடிக்கவில்லை. கடிகாரம் ஒரு பெட்டிக்குள் போனது; அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலே வீடு வீடாகக் கூட வந்தது. மடித்த வெற்றுப் பெட்டிகள் ஒரு கட்டு, எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக, எல்லா வீட்டிலும் கதவுக்குப் பின்னால் நின்றது.

மனைவி இதற்கெல்லாம் ஒத்துப்போனார். துணிக்கடை ஒன்றில் அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே ஜன்னல்களை அளந்து திரையை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துவிடுவார். பிள்ளை இல்லாததால் பள்ளிக்கூடத்துக்காக ஓரிடத்தில் நிற்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இருக்கவில்லை. கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒவ்வொரு புது வீட்டிலும் ஒரு தடவை கேட்பார். "மாட்டலாமா?" என்பார். "இருக்கப்போறதே கொஞ்ச நாள்தானே" என்பார் இவர். அத்தோடு அந்தப் பேச்சு முடியும்.

கடைசியாக வந்து சேர்ந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு கால்நடை மருத்துவர். தரைத் தளத்தில் முன்னறை மருத்துவமனை, பின்னால் அவர் தனியாகக் குடியிருந்தார், மாடி வாடகைக்கு. படியேறும்போது மருந்து வாசனையும், ஊசிக்குப் பயந்த ஏதாவது ஒரு பூனையின் புலம்பலும் கூடவே வரும். முதல் நாளே டாக்டரம்மா கேட்டார்.

"மூணு வருஷத்துக்கு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாமே? எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

"மாசா மாசம் போதும்மா. நாளைக்கு எங்க இருப்போம்னு யாருக்குத் தெரியும்?"

"உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. நீங்க போறதுக்குத் திறந்து வெச்சிருக்கிற கதவு, நான் போகச் சொல்றதுக்கும் திறந்துதான் இருக்கும்."

"இருக்கட்டும்மா" என்று சிரித்துக்கொண்டே மேலே வந்துவிட்டார். லாரியில் மறுநாள் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் மனைவியின் கண் மங்கத் தொடங்கியது. முதலில் பொழுது சாய்ந்தால் ஊசியில் நூல் கோக்க நேரமானது. பிறகு பக்கத்தில் வைத்த டம்ளர் தட்டி விழுந்தது. "ரெண்டு பக்கமும் யாரோ திரையை இழுத்து மூடிட்டு வர்ற மாதிரி இருக்குங்க" என்றார். கண் மருத்துவர் பல கருவிகளால் பார்த்துவிட்டு, இது ஓரத்திலிருந்து உள்ளே வரும் நோய், மெதுவாக வரும், நிறுத்த மருந்து இல்லை என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மனைவி நேராகச் சமையலறைக்குப் போனார். "பசிக்குது. ஏதாவது சமைக்கிறேன்" என்றார்.

கடை வேலையை விட்டுவிட்டு அவர் வீட்டைப் படிக்க ஆரம்பித்தார். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கை மேசை விளிம்பைத் தொடும், பிறகு அலமாரியின் கைப்பிடி, பிறகு கதவு நிலை. தையல்காரக் கை அல்லவா, இடைவெளி எல்லாம் அதில் பதிந்துவிட்டது. மாதங்கள் போகப் போகக் கை எதையும் தொடாமலே நடந்தார். அடுப்பை அணைத்துவிட்டு நேராக வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்வார். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. கீழே டாக்டரம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிய வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தார். "பாவம்னு பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் என்கிட்ட யாரும் சாதாரணமாப் பேச மாட்டாங்க" என்றார்.

ஒருநாள் நத்தை தன் தங்கை வீட்டுக்கு அவரை அழைத்துப்போனார். அங்கே வாசலில் செருப்பு தடுக்கியது, கூடத்தில் ஸ்டூல் முழங்காலில் இடித்தது, குளியலறைக்குப் போக வழி தெரியாமல் நடையில் நின்றுவிட்டார். தன் வீட்டில் ராணி மாதிரி நடக்கிறவர் அங்கே தன் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் நத்தை போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவிக்கு இந்த உலகத்தில் இப்போது கண் தெரியும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்த மாடி வீடு. அந்த வீடோ மாத வாடகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதாவது கீழே போய் அந்த மூன்று வருடத் தாளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய். அதைத் திறந்து எதிர்ப்பாட்டுப் பாட வெட்கம். டாக்டரம்மா எங்கே போகச் சொல்லப்போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சொன்னார். ஒரு மாலை மாடியேறி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வெளிநாட்டில் இருந்த அவர் அக்கா, புருஷன் காலமான பிறகு, திரும்பி வருகிறார். மாடியை அவருக்குக் கொடுக்க வேண்டும். "எங்க ரெண்டு பேரையும் ஒரே சமையலறையில விட்டா வீடு எரிஞ்சு போயிடும். தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கிட்டா நல்லது."

நத்தையே கேட்டு வாங்கிய நிபந்தனை. "சரிம்மா" என்றார். மனைவி சிரித்த முகத்தோடு டாக்டரம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் போன பிறகு, டம்ளரைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு, "புது வீட்டுல மாடிப்படி இல்லாமப் பாருங்க" என்றார்.

அடுத்த வாரங்களில் நத்தை ஏறி இறங்காத வீடில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவரே வாயைத் திறந்து, "அஞ்சு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவீங்களா?" என்று கேட்டார். ஒருவர், விற்கிற யோசனை இருக்கிறது என்றார். இன்னொருவர், மகன் கல்யாணம் வரைதான் என்றார். ஒருவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதற்கு முன் எங்கெங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று கேட்டார். இவர் உண்மையைச் சொன்னார். "நிலையா ஓரிடத்துல இல்லாத ஆளை நம்பி அஞ்சு வருஷம் எப்படிங்க?" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். தன் பெருமையே தன்னைத் துரத்தி வந்து அடித்ததை நத்தை அன்று நன்றாக உணர்ந்தார். கடைசியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. வளைந்த படிக்கட்டு, ஒன்றுக்கொன்று உயரம் மாறும் தரை. அதுவும் மாத வாடகைதான்.

லாரியில் விஷயத்தைச் சொன்னார். மனைவியின் கண்ணைப் பற்றி அப்போதுதான் சொன்னார். ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். இத்தனை நாள் நத்தை செய்த கேலிக்கெல்லாம் சேர்த்துச் சொல்லிக்காட்ட நல்ல நேரம். மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சாவியைக் குடுங்கண்ணே. சனிக்கிழமை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நெட்டையரும் தூங்காமல் தலையை ஆட்டினார்.

அந்தக் கம்பெனி ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் வீடு மாறினால் மற்றவர்கள் காசு வாங்காமல் கட்டிக் கொடுப்பார்கள். ஆனால் வீட்டுக்குரியவர் அன்று அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. சொந்தச் சாமானைச் சொந்தக் கை கட்டினால் வேலை ஓடாது. ஒரு பழைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்துவிடுவான் என்பது அவர்கள் அனுபவம். ஆகவே சாவியை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு காலையிலேயே எங்காவது போய்விட வேண்டும். நத்தை சாவியைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, சொல்லிக்கொண்டு போகலாம் என்று இருவரும் கீழே இறங்கினார்கள். டாக்டரம்மா வாசலில் நின்று, மனைவி கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார். மாடி காலியாகும்வரை அக்காவின் பெட்டி படுக்கைக்கு இடம் செய்வதற்காக அன்றுதான் அவர் தன் கூடத்தைப் புரட்டிப் போட்டிருந்தார். வழக்கமாக வெற்றிடமாக இருக்கும் வழியில் ஒரு டிரங்குப் பெட்டி கிடந்தது. மனைவி அதில் நேராகப் போய் மோதி, சுவரைப் பிடித்து நின்றார். "கவனிக்கலை" என்று சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, அவர் கையை எடுத்து அதன் முதுகில் வைத்தார்.

"எவ்வளவு நாளா?"

நத்தைதான் சொன்னார்.

"கண் போன நாய்களை என்கிட்ட நிறையக் கொண்டு வருவாங்க" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல அது பாட்டுக்கு ஓடும், விளையாடும். கண் போனதே ரொம்ப நாள் வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது. என்னைக்காவது சோபாவை நகர்த்துவாங்க, இல்ல வீடு மாறுவாங்க. அன்னைக்குப் போய் மூலையில படுத்துக்கும். நான் அவங்களுக்குச் சொல்ற வைத்தியம் ஒண்ணுதான். எதையும் நகர்த்தாதீங்க." அப்புறம்தான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. "அய்யோ, நான் உங்களைப் போய் நாயோட..."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த நல்ல சிரிப்பு. "பரவால்ல டாக்டர். நான் கடிக்கிற ரகமா, கடிக்காத ரகமா?"

"இத்தனை நாளா மேல இருக்கீங்க. ஒரு தடவையாவது குரைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?" என்றார் டாக்டரம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. சட்டென்று எழுந்து உள்ளே போனார். தொலைபேசியில் உரத்த பேச்சு கேட்டது, யாரையோ பிடிவாதக்காரி என்றார், சிரிப்பும் கேட்டது. திரும்பி வந்தவர், "அக்கா என்கூடக் கீழேயே இருப்பா. ஒரே அடுப்புதான். சண்டை போட்டு ரொம்ப வருஷமாச்சு, போட்டுக்கிறோம்" என்றார். "நாளைக்குக் காலையில ஒப்பந்தம் எழுதுறவர்கிட்ட போறோம். மூணு வருஷம். அது முடிஞ்சா நீங்க கேட்டாப் புதுப்பிக்கணும்னும் எழுதிடலாம். ஆனா சார், தாள் ரெண்டு பக்கமும் கட்டும். நான் உங்களைக் கிளப்ப முடியாது, வாடகையைத் தூக்க முடியாது. நீங்களும் நினைச்ச நேரம் மூட்டையைத் தூக்க முடியாது. சம்மதமா?"

நத்தை கைகூப்பினார். தான் முதல் நாள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்ட அதே தாளை, ஒரு சொல் குத்தாமல், இந்த அம்மா மறுபடி எடுத்து நீட்டுகிறாரே என்று நெஞ்சு விம்மியது. பெற்ற தாய்கூட ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருப்பாள்.

மறுநாள் காலை மூவரும் கிளம்பினார்கள். ஒப்பந்தம் எழுதுகிறவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். சுவரில் ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. வேறென்ன வேண்டும் என்று மனைவியிடம் கேட்டு டாக்டரம்மா சேர்க்கச் சொல்லியிருந்தார். இடையில் விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அடுத்த வரி. அதைக் கேட்டதும் நத்தையின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. மனைவி மெதுவாக அவர் காதருகில் சாய்ந்தார்.

"தகரப் பட்டறைச் சத்தம் கேக்குதா?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்த சிரிப்பிலேயே கையெழுத்தும் விழுந்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். செருப்புக் கடை மாடிக்கு ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அது மாத வாடகைதானே, ஒரு மாதத்தோடு போகட்டும் என்றார். "பாத்தியா, மாச வாடகையும் ஒண்ணும் கெட்டது இல்ல" என்றார். தெருமுனை திரும்பியதும் அவர் பேச்சு நின்றது. வீட்டு வாசலில் கம்பெனி லாரி நின்றுகொண்டிருந்தது.

சந்தோஷம் தலைக்கேறியதில் மனிதர் ஓட்டுநரிடம் சொல்ல மறந்தே போயிருந்தார். வழக்கப்படி ஆள் வீட்டில் இல்லை. அது அவர்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. மேலே போய்ப் பார்த்தால், பாவிகள் நத்தையிடம் தொழில் கற்றவர்கள் அல்லவா, ஒரு தையல் ஊசி பாக்கியில்லாமல் கட்டி முடித்திருந்தார்கள். திரை கழற்றியாயிற்று. மேசை கால் வேறு, பலகை வேறாக. அடுப்பு, அலமாரி, ஜன்னலோர நாற்காலி எல்லாம் லாரிக்குள். நெட்டையர் தரையைக்கூடப் பெருக்கியிருந்தார்.

"வாங்கண்ணே, கடைசிப் பெட்டி" என்றார் ஓட்டுநர் பெருமையாக.

மனைவி கதவு நிலையில் நின்றார். ஓர் அடி எடுத்து வைத்தார். வெறும் அறை அவர் காலடியை எதிரொலித்தது. "இது யார் வீடு?" என்றார் சின்னக் குரலில். கை மேசையைத் தேடிக் காற்றில் துழாவியது. தங்கை வீட்டில் பிடித்த அதே மாதிரி புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

நத்தை ஒப்பந்தம் போட்ட கதையைச் சொல்லி விஷயம் புரிந்ததும் ஓட்டுநர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணி, மன்னிச்சுக்குங்க அண்ணி. இதோ, எல்லாத்தையும் அப்படியே வெச்சுடுறோம்" என்று கீழே ஓடினார். சாமானெல்லாம் மறுபடி மேலேறி வந்தது. வந்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. அலமாரி எங்கே இருந்தது என்று ஓட்டுநர் நெட்டையரைப் பார்த்தார். நெட்டையர் நத்தையைப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் அவர்கள் ஆயிரம் வீட்டைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்த வீட்டிலேயே திரும்ப அடுக்கியது ஒரு தடவைகூட இல்லை. பெட்டியின்மேல் 'சமையலறை', 'படுக்கையறை' என்று எழுதுவார்கள், அவ்வளவுதான். நத்தைக்கே ஸ்டூல் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நினைவில்லை.

"நான் சொல்றேன்" என்றார் மனைவி.

சுவரைத் தடவி ஜன்னல் விளிம்பைக் கண்டுபிடித்தார். அதில் முதுகைச் சாய்த்து நின்றார். "இங்கேர்ந்து ரெண்டு முழம் தள்ளி நாற்காலி. இன்னும் கொஞ்சம் உள்ளே. ம், அங்கதான்." போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து மேசை, மேசையிலிருந்து அலமாரி என்று வீடு அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஓட்டுநர் ஒரு விரற்கடை தப்பாக வைத்தால்கூட, நடந்து பார்த்துவிட்டு, "இடிக்குது, நகர்த்துங்க" என்றார். மூன்று வாட்டசாட்டமான ஆண்கள் வேர்த்து விறுவிறுத்து அவர் சொன்னபடி ஆடினார்கள். சத்தம் கேட்டு மேலே வந்த டாக்டரம்மா, வாசலிலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "நகர்த்தாதீங்கன்னு சொல்லி ஒரு நாள் ஆகலை" என்றார்.

இரண்டொரு சாமானை மனைவி வேண்டுமென்றே இடம் மாற்றவும் செய்தார். "இந்த ஸ்டூல் எப்பவுமே இடைஞ்சல். அந்த மூலைக்குப் போகட்டும்."

"புது இடம் பழக வேண்டாமா?" என்று நத்தை பதறினார்.

"பழகிக்கிறேன். அதான் மூணு வருஷம் இருக்கே."

கடைசியில் ஒரு பெட்டி மிச்சமிருந்தது. அதன்மேல் ஒட்டிய நாடா பழுத்துப் பழுப்பேறியிருந்தது. நெட்டையர் பிரித்துப் பார்த்து, "கடிகாரம்ணே" என்றார். இந்தத் தடவை மனைவி கேட்கவில்லை. நத்தைதான் கேட்டார்.

"மாட்டலாமா?"

ஓட்டுநர் லாரியிலிருந்து சுத்தியல் கொண்டுவந்தார். ஆணி பிடுங்கும் பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. அடிக்கும் பக்கம் வாங்கிய அன்றுபோலப் புதிதாக இருந்தது. மனைவி காட்டிய இடத்தில், கூடத்துச் சுவர் நடுவில், நத்தை ஆணியை வைத்து அடித்தார். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது. இரண்டாவது ஆணியை வளைத்தது. ஆயிரம் வீட்டு ஆணியைப் பிடுங்கிய கைக்கு ஒன்றை அடிக்கத் தெரியவில்லை என்று ஓட்டுநர் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஆணி இறங்கியது. சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு அவர் சட்டையில் உதிர்ந்தது; அதை அவர் தட்டிவிடவில்லை.

லாரியிலிருந்து திரும்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்ற வெற்றுப் பெட்டிக் கட்டை எடுத்து ஓட்டுநரிடம் நீட்டினார். "இதை எடுத்துட்டுப் போயிடு" என்றார். ஓட்டுநர் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த ஆட்களுக்கும், வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று நத்தைக்குத் தெரியவில்லை. "எல்லாரும் டீ குடிச்சுட்டுத்தான் போகணும்" என்று மட்டும் சொன்னார்.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது தயங்கி, கனைத்து, ஓடத் தொடங்கியது. மனைவி கூடத்தின் மறுகோடியில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். டிக் டிக் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நேராக நடந்து வந்து, கையை நீட்டி, கடிகாரத்துக்குச் சரியாகக் கீழே சுவரைத் தொட்டார். அதே நேரம் கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. மாலைகூட ஆகாத நேரத்தில் அது நிதானமாக ஏழு அடித்தது.

"அண்ணி, மணி தப்பா அடிக்குது" என்றார் ஓட்டுநர்.

மனைவி சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "நேரம் தப்பா இருந்தா இருக்கட்டும் தம்பி. இடம் சரியா இருக்கு" என்றார்.